நாளங்காடிச் சோலையும் தண்ணீர்மலைப் பூங்காவும்

பினாங்கு மாநகரின் பழந்தெருக்களுள் சூலியா தெரு ஒன்று. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றம் அமைத்த காலத்தையொட்டி வகுக்கப்பெற்ற தெரு அது. முதலில் மலபார் தெரு என வழங்கிப் பின்னர் 1798இல் சூலியா தெரு என்னும் பெயர் பெற்றது. சோழமண்டலக் கரையிலிருந்து கலமேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகரையே அப்பெயர் குறித்தது. நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்கா இத்தெருவில் இருக்கிறது. சில அடிகள் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், மகாமாரியம்மன் கோயிலும், சீனரின் பழைய கோயிலும் கண்ணில் படும். உணவுக்கடை, புத்தகக்கடை, பணம் மாற்றும் கடை, பயணியர் விடுதி என எல்லாம் இங்கே உண்டு. இல்லாதது ஒன்றுதான். ஒரு குழந்தை ஓடியாட நிழலுள்ள இடம் இல்லை.

கடைவீட்டின் முன்னுள்ள அஞ்சடியே இத்தெருவின் முற்றம். அதிலும் பாதியை மேசையும் மோட்டார் சைக்கிளும் பிடித்துக்கொள்ளும். ஆதலால் மாலையில் காற்று வாங்க விரும்பும் குடும்பம் வடக்கே நடந்து கடற்கரைத் திடலுக்குச் செல்ல வேண்டும். அல்லது பேருந்தேறி மேற்கே தண்ணீர்மலைக்குச் செல்ல வேண்டும். நீர்வீழ்ச்சியை உடைய அந்த மலையடிக்குத் தமிழர் இட்ட பெயர் தண்ணீர்மலை. முருகன் கோயிலும் தாவரப் பூங்காவும் அங்கே அண்டை வீட்டார்போல் இருக்கின்றன.

சூலியா தெருக் குடும்பத்துக்கு அந்தப் பூங்கா யாருடையது? அதனைக் காப்பவர் யார்? காக்கப் பணம் தருபவர் யார்? தவறு நேர்ந்தால் யாரிடம் சென்று கேட்பது? இக்கேள்விகள் எளியவைபோலத் தோன்றும். ஆயினும் இவற்றுக்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல இயலாது. அண்டை அண்டையாக இருக்கும் ஆட்சி அமைப்புகள் ஒரு பொதுப் பொழிலை எவ்வாறு கூடிப் பேணுவது என்னும் பெரிய சிக்கல் இவற்றுள் அடங்கியிருக்கிறது. இதனைப் பற்றி மூவகைக் கருத்துகள் வழங்குகின்றன. ‘பண்டைத் தமிழரிடம் எல்லாம் இருந்தது’ என்பது ஒன்று. ‘அமைப்புகளை ஒன்றாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது’ என்பது மற்றொன்று. ‘மேனாட்டார் செய்ததை அப்படியே செய்யலாம்’ என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றும் முழு உண்மை அல்ல.

இரு பாக்கத்தின் இடையே

முதற் கருத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் இரு பிரிவாக இருந்தது. கடலை அடுத்தது மருவூர்ப்பாக்கம். அயல்நாட்டு வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த பகுதி. உள்நகரம் பட்டினப்பாக்கம், அரசரும் பெருங்குடி வணிகரும் வாழ்ந்த பகுதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் மரங்கள் செறிந்த சோலை இருந்தது. அம்மர நிழலே நாளங்காடி. அதனைக் காவற்பூதம் காத்தது. இந்திரவிழாக் காலத்தில் இரு பாக்கத்தாரும் அங்குக் கூடிப் பலியிட்டு வழிபட்டனர்.

இந்த அமைப்பு கருதத்தக்கது. இரு வேறு வாழ்க்கை வாழும் இரு பகுதியினர். இடையில் யாருக்கும் தனியுடைமை ஆகாத ஒரு சோலை. எல்லைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் நிழல் இருந்தது. இளங்கோவடிகள் இதனை ஆட்சிமுறை கற்பிக்க எழுதினார் என்று கூறுவது மிகை. ஆனால் நகரம் என்பதை எண்ணும்போதே இரு பகுதிக்கும் நடுவே ஒரு பொதுவிடத்தை அவர் எண்ணினார். அந்நகரத்தில் ஐவகை மன்றங்கள் இருந்தன என்பதையும் அவர் தனியே எடுத்துக் கூறுகிறார். மன்றம், பொதியில், அம்பலம் என்று பொதுவிடத்துக்குத் தமிழில் இத்தனை சொற்கள் இருப்பதும் வெறும் சொல்வளம் அன்று. பொதுவிடம் இன்றி ஊர் இல்லை என்னும் உணர்வு மொழியிலேயே ஊறியிருக்கிறது.

ஆயினும் திறனாய்வாளன் இங்கே நின்றுவிடலாகாது. நாளங்காடிச் சோலையின் மரங்களுக்கு நீர் வார்த்தவர் யார்? பட்டுப்போன மரத்தை வெட்டும் செலவை மருவூர்ப்பாக்கம் ஏற்றதா, பட்டினப்பாக்கம் ஏற்றதா? காப்பியம் இதனைச் சொல்லவில்லை. அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது. காவல் காக்கும் பொறுப்பைப் பூதத்திடம் ஒப்படைத்துவிட்டு அது மேலே செல்கிறது. இன்றைய நகரங்களுக்கோ அப்படிப்பட்ட பூதம் கிடைப்பதில்லை.

தோட்ட வாரியம்

காப்பியம் சொல்லாததைக் கல்வெட்டுச் சொல்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் யாவரும் அறிந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். தோட்டத்துக்கென்றே பன்னிருவரை ஒதுக்கிய ஓர் ஊராட்சி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்தது என்பது பெருமைக்குரிய செய்திதான். அப்பன்னிருவரும் 360 நாள் பணியாற்றி விலகினர். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. இவற்றினும் சிறந்த விதி ஒன்று உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், பின்னர் எந்த வாரியத்துக்கும் தகுதியற்றவர்.

மேடைப் பேச்சாளர் வழக்கமாக இவ்விடத்தில் கைதட்டல் பெற்று முடித்துவிடுவர். ஆனால் அக்கல்வெட்டின் மற்றைப் பகுதியையும் படிக்க வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. வரி செலுத்தும் கால்வேலி நிலமேனும் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டியவர், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர், வேதம் கற்றவர் ஆகியோரின் பெயரே ஓலையில் எழுதப்பட்டது. உழுதவரும் பெண்டிரும் அதில் இல்லை. தோட்ட வாரியத்தின் தோட்டமும் மக்கள் உலாவும் பூங்கா அன்று. பயன்தரும் தோட்டங்களைக் கண்காணித்த குழு அது எனக் கொள்வதே பொருந்தும். ஆகவே உத்தரமேரூரை இன்றைய நகரத்துக்கு வார்ப்படமாகக் கொள்வது தவறு. அதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு. பொதுச் சொத்துக்கென ஒரு தனிக் குழு வேண்டும் என்பது ஒன்று. கணக்குக் காட்டாதவனுக்கு மறுமுறை இடமில்லை என்பது மற்றொன்று.

ஓர் ஊர் மட்டுமன்றிப் பல ஊர்கள் கூடிய முறையும் சோழர் காலத்தில் இருந்தது. ஊருக்கு ஊரார், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு நாட்டார். ஆறும் வாய்க்காலும் ஊரெல்லையை மதிப்பதில்லை. நீர் எந்த அளவுக்குப் பொதுவோ, அந்த அளவுக்கு அதைப் பற்றிய முடிவும் பொதுவாக வேண்டியிருந்தது. இக்காலத்தில் நீருக்குச் சொன்னதைப் பொழிலுக்கும் சொல்லலாம். மலைச்சரிவில் மரம் வெட்டப்பட்டால் சேறு இறங்குவது நகரத்துச் சாக்கடையில்தான்.

பல கைகளில் ஒரு பசுமை

இனிப் பினாங்குக்குத் திரும்பலாம். கடற்கரைத் திடல் மாநகர் மன்றத்தின் பொறுப்பு. தண்ணீர்மலைத் தாவரப் பூங்கா 1884இல் நீரிணைக் குடியேற்ற அரசால் அமைக்கப்பெற்றது. கருங்கல் வெட்டி எடுத்த பள்ளத்தாக்கைச் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவர் பூங்காவாக்கினார். அஃது இன்று மாநில அரசின் கையில் இருக்கிறது. அதற்கு மேலுள்ள கொடிமலையைக் காக்க 2009ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தால் ஒரு தனிக் கழகம் ஏற்பட்டது. காப்புக் காடுகள் மாநில வனத்துறையைச் சேர்ந்தவை. தீவின் வடமேற்கு மூலையில் 2003இல் அமைந்த தேசியப் பூங்கா மத்திய அரசின் பொறுப்பில் இருக்கிறது. மலைமேல் உள்ள முருகன் கோயிலோ இந்து அறப்பணி வாரியத்தின் நிர்வாகத்தில் உள்ளது.

இவற்றுள் பெரும்பகுதியை ஒன்றாகக் கொண்டு 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் ‘பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகம்’ என அறிவித்தது. நிலமும் கடலுமாக 12,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு அது. இயற்கையின் கண்ணில் அது ஒரே பசுமை. அரசாணைகளின் கண்ணில் அது பல துண்டு. குரங்குக்கும் இருவாய்ச்சிக்கும் இந்த எல்லைகள் தெரியாது. வெள்ளத்துக்கும் தெரியாது.

பல கைகள் இருப்பதே தீமை என்று கூறுவதற்கில்லை. ஒரு கை தளர்ந்தால் மற்றொரு கை தாங்கும். ஆனால் பணம் தரும் கை ஒன்றும், பேணும் கை ஒன்றும், கேள்வி கேட்கப்படும் கை மற்றொன்றுமாகப் பிரிந்துவிட்டால் விளைவது குழப்பமே. தண்ணீர்மலைப் பூங்காவின் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு.

முதலாவது 1910ஆம் ஆண்டுச் செய்தி. நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்பதற்காக அந்தப் பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்கும் திட்டம் எழுந்தது. பூங்காவை நகரசபையிடம் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. கர்ட்டிஸ் இருபதாண்டு உழைத்து வளர்த்த மரங்கள் நீருக்குள் மூழ்கும் நிலை. நல்வினைப் பயனாக அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. இதில் நகரசபையைக் குற்றம் சொல்வதற்கில்லை. அதற்கு வேண்டியது நீர். பூங்கா அதன் கணக்கில் இல்லை. ஒரு பொருளின் பயனில் ஒரு பகுதியை மட்டும் காணும் அமைப்பு, மற்றப் பகுதியைத் தயக்கமின்றி அழிக்கும். இதுவே கருத வேண்டிய பாடம்.

இரண்டாவது 2010இல் நிகழ்ந்தது. பூங்காவின் வாயிலில் மத்திய அரசின் பணத்தில் இரண்டு பெரிய வளைவுகள் எழுந்தன. பூங்காவை நாள்தோறும் பயன்படுத்திய மக்கள் அவற்றைக் கண்டு திகைத்தனர். இயற்கையின் அமைதிக்கு அவை பொருந்தவில்லை என எதிர்ப்புக் கிளம்பிற்று. பணம் வந்த இடம் வேறு; பூங்காவை ஆளும் இடம் வேறு; பூங்காவை நேசித்தோர் நின்ற இடம் வேறு. கட்டுவதற்கு முன் கேட்கவேண்டியவரிடம் கேட்டிருந்தால், கட்டிய பின் கூச்சல் எழுந்திராது. நூறாண்டு இடைவெளியில் இரு நிகழ்ச்சிகள். நோய் ஒன்றே.

இணைப்பு என்னும் மருந்து

இந்நோய்க்கு மலேசியா கண்ட மருந்து இணைப்பு. அதன் வரலாறு சுருக்கமாக வருமாறு. 1857இல் பினாங்கில் நகரசபை ஏற்பட்டது. 1951 டிசம்பரில் மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். 1957 ஜனவரி முதல் நாளில் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. அதன் முதல் மேயராக வந்தவர் டி. எஸ். இராமநாதன். அக்காலத்தில் மாநகர் எல்லைக்கு அப்பால் இருந்த தீவின் பகுதிகளுக்குத் தனியே ஒரு கிராமப்புற மன்றம் இருந்தது. ஆக, ஒரே தீவில் இரண்டு உள்ளூராட்சிகள். நகரத்தான் காற்று வாங்கப் போகும் கடற்கரையும் மலைச்சரிவும் பெரும்பாலும் அடுத்த மன்றத்தின் எல்லையில். வரி செலுத்துபவன் ஓரிடத்தில். அவன் மிதிக்கும் புல் மற்றோரிடத்தில். இருவரும் கூடிச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய தேவைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1965இல் நாடு முழுவதும் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே உள்ளூராட்சிகளின் நிலையை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு ஏற்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். 1966இல் ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் சென்றன. நாகப்பன் குழு 1968இல் தன் அறிக்கையை முடித்தது. சிதறிக் கிடந்த சிறு மன்றங்களைச் சீராகத் திருத்தி அமைக்க வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. மக்கள் தேர்ந்தெடுத்தவரே மன்றத்தில் அமர வேண்டும் என்பது மற்றொன்று.

அரசு முதற் கருத்தை ஏற்றது; இரண்டாவதை ஏற்கவில்லை. 1974இல் மாநகர் மன்றமும் கிராமப்புற மன்றமும் ஒன்றாக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின்கீழ் அது பினாங்குத் தீவு நகராண்மைக் கழகமாயிற்று. உறுப்பினர் நியமனம் பெற்று வந்தனர். 2015 மார்ச்சில் தீவு முழுதும் மாநகரமென அறிவிக்கப்பட்டபோதும் அம்முறை மாறவில்லை. பினாங்கு மாநில அரசு உள்ளூர்த் தேர்தலை மீண்டும் நடத்த 2012இல் ஒரு சட்டம் இயற்றிற்று. அதற்கான அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை எனக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

இணைப்பினால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. தீவு முழுமைக்கும் ஒரே கருவூலம் வந்தது. நகரத்தின் வரி கிராமப்புறத்தின் கடற்கரைக்கும் பயன்பட்டது. எந்தப் பக்கத்து மரம் யாருடையது என்னும் வழக்கு ஒழிந்தது. இணைப்பை எதிர்த்தவர்கூட இன்று பழைய எல்லைக்கோட்டை மீண்டும் வரையச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் எதை இழந்தது என்பதையும் கணக்கிட வேண்டும். இருவர் கூடிப் பேசுவது ஒன்று. இருவரையும் ஒருவராக்கிவிடுவது வேறொன்று. முன்னதில் ஒவ்வொருவரும் தம் மக்களிடம் சென்று, ‘இவ்வளவு தருகிறோம், இன்னது பெறுகிறோம்’ என்று விளக்கம் சொல்லியாக வேண்டும். பின்னதில் அந்த விளக்கத்துக்கே இடமில்லாமற் போகும். தேர்தலும் நின்றுவிட்டால், கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. மேலும் இணைப்பு, மன்றங்கள் இரண்டையே ஒன்றாக்கிற்று. பூங்கா மாநிலத்திடமும், காடு வனத்துறையிடமும், தேசியப் பூங்கா மத்திய அரசிடமும் இருந்தபடியே இருந்தன. நோய் இருந்த இடத்தில் பாதிக்குத்தான் மருந்து சென்றது. நாகப்பன் குழு ஒரு கட்டடத்துக்கு இரண்டு தூண்களைக் காட்டிற்று. ஒரு தூணை மட்டும் நட்டுவிட்டுக் கூரை சாய்கிறதே என்று வியப்பதில் பொருளில்லை.

பாஸ்டனும் லீ பள்ளத்தாக்கும்

மூன்றாவது கருத்தையும் உரைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சூழ்ந்த ஊர்கள் நெருங்கி வளர்ந்தன. காடும் ஆற்றங்கரையும் ஊரெல்லைகளைக் கடந்து கிடந்தன. 1893இல் அங்கே பெருநகரப் பூங்கா ஆணையம் ஒன்று நிலையாக அமைந்தது. சார்ல்ஸ் எலியட் என்னும் தோட்டக்கலை அறிஞர் அதற்கு வழிகாட்டினார். 30க்கு மேற்பட்ட நகரங்களும் ஊர்களும் அதன் செலவைப் பகிர்ந்துகொண்டன. எந்த ஊரும் தன் பெயரையோ மன்றத்தையோ இழக்கவில்லை. பொழிலுக்காக மட்டும் அவை கூடின.

இங்கிலாந்தில் இலண்டனுக்கு வடகிழக்கே லீ ஆற்றுப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 26 மைல் நீளம் கிடக்கிறது. பழைய மணற்குழிகளும் பாழ்நிலமுமாக இருந்த இடம். 1966இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் 1967 ஜனவரி முதல் அதற்கென ஓர் ஆணையம் செயற்படுகிறது. இலண்டன், எசெக்ஸ், ஹெர்ட்போர்ட்ஷயர் ஆகிய பகுதிகளின் மன்றங்கள் யாவும் அதற்கு ஒரு தீர்வை செலுத்துகின்றன. மன்றங்களின் பிரதிநிதிகளே ஆணையத்தில் அமர்கின்றனர். பாழ்நிலம் பசுமையாயிற்று. 2012 ஒலிம்பிக் விளையாட்டுக்கு அப்பள்ளத்தாக்கும் களமாயிற்று.

இம்முறையிலும் குறையில்லாமல் இல்லை. தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, பள்ளத்தாக்கிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் மன்றங்களும் தீர்வை கட்டுகின்றன. ‘எம் மக்கள் அங்குச் செல்வதே அரிது, எம் ஊர்ப் பூங்காவுக்கே பணமில்லை, நாங்கள் ஏன் தரவேண்டும்?’ என்று அவை முறையிட்டதுண்டு. அம்முறையீட்டில் நியாயம் உண்டு. பயனும் செலவும் ஒன்றையொன்று விட்டு விலகினால் கூட்டுறவு கசக்கும். ஆயினும் அம்முறையீடு எழுந்தது என்பதே அம்முறையின் சிறப்பு. எவ்வளவு தருகிறோம் என்பது அந்த மன்றங்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஆகவே கேட்கின்றன. சூலியா தெருக் கடைக்காரர் தம் மதிப்பீட்டு வரியில் எத்தனை காசு புல்லுக்கும் மரத்துக்கும் போகிறது என்பதை அறியார். அறியாதவர் முறையிடவும் இயலாது; பெருமைப்படவும் இயலாது.

பதினெட்டு ஏக்கர்

பொது நிலம் எவ்வாறு தேயும் என்பதை அறியச் சூலியா தெருவார் வெளிநாடு செல்லவேண்டியதில்லை. 1801இல் ஆளுநர் ஜார்ஜ் லீத், முஸ்லிம் மக்களின் தலைவராகிய கப்பித்தான் காதிர் முகைதீனிடம் பள்ளிவாசலுக்கென வழங்கிய நிலம் 18 ஏக்கர். வழிபாட்டுக்கும் அடக்கத்துக்கும் அறத்துக்கும் உரிய பொது நிலம் அது. இன்று பள்ளிவாசலின் சுற்றுமதிலுக்குள் நின்று பார்ப்பவருக்கு அப்பரப்பின் ஒரு சிறு பகுதியே தெரியும். பக்கிங்காம் தெரு முதலியன அதனை ஊடறுத்தன. நகரச் சீர்திருத்தம் ஒருபுறம், குடியிருப்பு ஒருபுறம், வழக்குகள் ஒருபுறமாக நிலத்தின் முகம் மாறிற்று. இவ்வரலாற்றைக் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட ‘பினாங்கில் சூலியர்’ என்னும் ஆங்கில நூல் 1786 முதல் 1957 வரை ஆராய்கிறது. விடுதலை ஆண்டோடு அந்நூல் நின்றுவிடுவது ஒரு குறை. அதன் பின் வந்த அரை நூற்றாண்டை எழுதுவாரும் வேண்டும்.

அறநிலங்களைக் காக்க 1905ஆம் ஆண்டின் சட்டம் ‘முகமதிய, இந்து அறப்பணி வாரியம்’ என ஒன்றை ஏற்படுத்திற்று. இரு சமயத்தாரின் சொத்தும் ஒரே வாரியத்தின் கீழ் வந்தன. வரவு செலவுக்கு ஒழுங்கு வந்தது என்பர் சிலர். தந்தவர் மரபினரின் குரல் தாழ்ந்தது என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. நாடு விடுதலை பெற்ற பின்னர் முஸ்லிம் அறச்சொத்துகள் மாநில இஸ்லாமிய சமய மன்றத்திடம் சென்றன. இந்து அறப்பணி வாரியம் தனியே நிலைத்தது. மேலிருந்து கட்டிய கட்டு, அவிழ்ந்தபோது யாரும் வருந்தவில்லை. கூடியவர் தாமே கூடியிருந்தால் ஒருவேளை வருந்தியிருப்பர். பொழிலுக்குக் கூட்டு நிர்வாகம் அமைப்போர் இந்த அனுபவத்தையும் மறக்கலாகாது.

ரதம் செல்லும் வழி

இவ்வளவு குறைகளைச் சொன்ன பின், நம்பிக்கைக்கு இடமே இல்லையோ என்று தோன்றலாம். அங்ஙனம் இல்லை. தைப்பூசத்தின் முந்திய நாள் வைகறையில் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து நகரத்தார் கோயிலின் வெள்ளி ரதம் புறப்படும். 1894 முதல் ஓடும் ரதம் அது. 2017 முதல் அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் குவீன் தெருவிலிருந்து புறப்படுகிறது. இரண்டும் சேருமிடம் தண்ணீர்மலை. நெரிசலான தெருவையும் பசுமையான மலையடியையும் ஆண்டுக்கொரு முறை இணைக்கும் வழி அது.

அந்த மூன்று நாளும் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். காவல்துறை சாலையை ஒதுக்கித் தருகிறது. மாநகர் மன்றம் குப்பையை அள்ளுகிறது. கோயில்கள் இரண்டும் தத்தம் கடமையைச் செய்கின்றன. வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள் எழுகின்றன. அவற்றை அமைப்போர் தொழிற்சங்கத்தார், வணிகர், நண்பர் குழுவினர், சீனர் உட்படப் பலர். எந்தச் சட்டமும் அவர்களுக்குத் தீர்வை விதிக்கவில்லை. பந்தலின் முகப்பில் இன்னார் உபயம் என்று எழுதியிருக்கும். யார் தந்தது, என்ன தந்தது என்பது குடிக்க வருபவனுக்கு வெளிப்படை. மோர் புளித்திருந்தால் யாரைக் கேட்பது என்பதும் அவனுக்குத் தெரியும்.

விழாவுக்கு மூன்று நாள் பொறுத்துக்கொள்வது எளிது. பொழிலுக்கோ முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வேண்டும் என்று மறுத்துரைக்கலாம். அம்மறுப்பு சரியே. பக்தியின் ஆர்வம் புல்வெட்டும் கூலிக்கு ஈடாகாது. ஆனால் பல அமைப்புகள் தம் தனித்தன்மை இழவாமல் ஒரு பொதுக் காரியத்தைச் செய்ய இந்நகரத்தாருக்குத் தெரியும் என்பதை விழா மெய்ப்பிக்கிறது. அத்திறத்தை நிலையான ஓர் அமைப்பாக மாற்றுவதே எஞ்சிய வேலை.

அதற்கு வேண்டியவை மிகப் பலவல்ல. கடற்கரைத் திடல் முதல் கொடிமலை வரையுள்ள பசுமைக்கென மாநகர் மன்றம், மாநில அரசு, வனத்துறை, அறப்பணி வாரியம் ஆகியவை பங்கு தரும் ஒரு பொதுக் கருவூலம் வேண்டும். யார் எவ்வளவு தந்தார் என்பதும், எதற்குச் செலவாயிற்று என்பதும் ஆண்டுதோறும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் மக்கள் படிக்கும்படி வெளிவர வேண்டும். தெருவில் வாழ்வோரும் பூங்காவில் நடப்போரும் அக்குழுவில் அமர வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முறையும் வேண்டும். கணக்குக் காட்டாதவர் மறுமுறை வரலாகாது என்னும் விதி மட்டும் உத்தரமேரூரிலிருந்து அப்படியே வரலாம்.

பெரிய மலையைப் பற்றிப் பேசும்போது சிறிய தெருவை மறப்பதும் வழக்கமாகிவிட்டது. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாயிற்று. அதன்பின் வடகடற்கரைப் பகுதியைச் செப்பனிட மாநில அரசும், திங்க் சிட்டி நிறுவனமும், ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் கூடி முயன்றன. கூட்டு முயற்சிக்கு இஃது ஒரு நல்ல தொடக்கம். ஆயினும் மரபுரிமை என்பது கட்டடத்தின் முகப்பை மட்டும் குறிப்பதன்று. அம்முகப்பின் பின்னே வாழும் குழந்தைக்கு ஒரு மரநிழலும் மரபுரிமைதான். கூட்டுக் கருவூலம் அமையுமாயின், அதன் முதற் செலவு சூலியா தெருவின் சந்துகளிலும் பள்ளிவாசலைச் சூழ்ந்த வெளிகளிலும் மரம் நடுவதாக இருக்கட்டும்.

புகார் நகரத்தை உண்டாக்கிய புலவர் இரு பாக்கத்தின் இடையே மதிலை வைக்கவில்லை, சோலையை வைத்தார். அதனைக் காக்கப் பூதத்தை நிறுத்தினார். பூதத்தின் இடத்தில் இன்று மக்கள் நிற்க வேண்டும். அவர்கள் நிற்பதற்கு இடம் தராத வரையில், எத்தனை மன்றங்களை ஒன்றாக்கினாலும், எத்தனை விருதுகள் வந்தாலும், சூலியா தெருக் குழந்தை அஞ்சடியிலேதான் ஓடியாடிக்கொண்டிருக்கும்.